மகளின் தலை சுருங்கிய வருஷம்

என் மகளுக்கு ஆறு வயது நடந்தபோது, அவளுடைய தலை முந்தின வருஷத்தைவிடச் சிறிதாகிவிட்டதாகக் கொழும்பில் ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். காய்ச்சலில் உடம்பு மெலியும், துவைத்தால் கம்பளி சுருங்கும். தலை சுருங்கி நான் கேள்விப்பட்டதில்லை. அந்த அறையில் இருந்த வேறு யாருமே கேள்விப்பட்டதில்லை என்பது டொக்டரின் முகத்திலேயே தெரிந்தது.

இதைச் சொல்வதற்கு அவள் பிறந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். நான் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். மனைவி ராகலை டவுனில் ஒரு தையல் கடைக்குப் போகிறாள்; பாடசாலைச் சீருடைகளும் சாரிச் சட்டைகளும் தைப்பாள். எங்களுக்கு ஒரே மகள். அவள் பிறந்தபோது தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி இருந்தது. பிறந்த பிள்ளைக்குத் தலை கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், நாள் போகப் போகச் சரியாகிவிடும் என்று வார்டில் சொன்னார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளிலும் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஆனால் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தலை உருண்டையாவதற்குக் கடுகு நிரப்பிய தலையணை நல்லது என்று ஒரு வீட்டிலிருந்து ஒன்று வந்தது. அது போதாது என்று அடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று. எதிர் வரிசையிலிருந்து வந்தது தையல் சரியில்லாமல் ஒரு நாள் பிரிந்துகொண்டது. வீடு முழுக்கக் கடுகு. கட்டிலுக்கடியில், செருப்புக்குள், என் பாடக் குறிப்புகளுக்கு நடுவில். என் மனைவி எதையும் வீணாக்காதவள். அதைக் கூட்டி அள்ளிக் கழுவிக் காயவைத்தாள். கொஞ்ச நாளைக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் தாளித்தது மகளின் தலையணையைத்தான்.

இதற்கிடையில் இந்தத் தலை யாருடையது என்று ஒரு தகராறு. எனக்குத் தலை பெரிது. மோட்டார் சைக்கிள் வாங்கியபோது நுவரெலியாவில் ஒரு ஹெல்மெட் கடைக்காரர் பரண் மேலிருந்து இறக்கியதிலேயே பெரியதை என் தலையில் அழுத்திப் பார்த்துவிட்டு, அது காதுக்கு மேலேயே நின்றுகொண்டதும், கழற்றுவதற்குத் தன் மகனைக் கூப்பிட்டார். ஆகவே என் பக்கத்து ஆட்கள் பிள்ளையைப் பார்த்து இது எங்கள் தலை என்றார்கள். மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், வேன் ஓட்டுகிறவர். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. தங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் சின்னத் தலைதான் என்றும், இந்த நீளம் மட்டும் என்னிடமிருந்து வந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

மாதாந்தக் கிளினிக்கில்தான் விஷயம் பிடிபட்டது. தாதி குழந்தையின் உச்சியைத் தடவிப் பார்த்தார். அங்கே மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரம்பு ஓடியது. நுவரெலியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள், அங்கிருந்து கொழும்புக்கு. கொழும்பில் படம் எடுத்துப் பார்த்த சிங்களப் பெண் டொக்டர், தமிழ் ஆட்களிடமே கற்ற தமிழில், எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். சின்னப் பிள்ளையின் மண்டையோடு ஒரே எலும்பு இல்லை. பல துண்டுகள். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால்தான் உள்ளே மூளை வளர வளர மண்டையும் வளர்கிறது. எங்கள் பிள்ளைக்கு உச்சியில் உள்ள இடைவெளி நேரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பக்கவாட்டில் வளர வழியில்லாததால் தலை முன்னும் பின்னும் போகிறது.

என் மனைவி ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள். "உள்ளுக்கு துணி விடாம தச்சிட்டாங்க. வளர்ற புள்ளைக்கு அப்புடி தைக்கக்கூடாதுங்க."

அந்த வார்த்தையோடு அவள் அழத் தொடங்கினாள். நான் மச்சானின் வேனை எங்கே நிறுத்தினோம் என்று தேடப் போனேன். அது எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் நின்றது.

ஒரு வயது ஆவதற்குள் அறுவை சிகிச்சை நடந்தது. காதிலிருந்து காதுவரை, வளைந்து வளைந்து போகிற ஒரு கோடாகத் தோலை வெட்டி, எலும்பை எடுத்து, திருத்தி வைத்தார்கள். உள்ளே கொண்டுபோன பிறகு என் மனைவி தோட்டத்து மாரியம்மனிடம் பிள்ளைக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டாள். அந்த நேரத்தில் மகளின் தலையில் ஒரு முடியும் இல்லை; ஆஸ்பத்திரியிலேயே வழித்துவிட்டார்கள். இருந்தாலும் நேர்த்தி நேர்த்திதான்.

மறுநாள் பார்த்தால் முகம் வீங்கி, கண் இரண்டும் மூடிக் கிடந்தது. கட்டுப் பிரித்தபோது தலை உருண்டையாக இருந்தது. மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகப் போர்வையை விலக்கி, பிள்ளையின் இடது குதிகாலைத் தூக்கி, அங்கே உள்ள மச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் கன்னத்தைத் தொட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னது எங்களுக்குப் புதிதாக இருந்தது. நாங்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தோம். அவரோ இனித்தான் பார்க்க வேண்டும் என்றார். திருத்தி வைத்த எலும்பு மூளையோடு சேர்ந்து வளர வேண்டும். சில பிள்ளைகளுக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும். அப்போது உள்ளே அழுத்தம் கூடும், தலை வலிக்கும், வாந்தி வரும், கண்ணுக்குக் கெடுதல். திரும்பவும் வெட்ட வேண்டி வரலாம். ஆகவே அவள் பெரிய பிள்ளையாகும்வரை வருஷத்துக்கு வருஷம் வந்து அளந்து காட்ட வேண்டும்.

இது லயத்தில் வேறு மாதிரிப் பரவியது. சேருடைய மகளின் தலையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், இனி அது வளரும் என்று. போகிற வழியில் கொழுந்துக் கூடையோடு நிற்கிறவர்கள் என்னைப் பார்த்ததும், "தலை எப்புடி, வளருதா சேர்?" என்று கேட்பார்கள். நான் வளருகிறது என்பேன். சந்தோஷப்படுவார்கள். ஒருவர், ரொம்பவும் வளர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். அவர் பார்வை அப்போது என் தலை மேல் இருந்தது.

மனைவிக்குத் தொழிலே அளவெடுப்பது. வெள்ளிக்கிழமை தோறும் தலைக்கு ஊற்றியதும் டேப்பை எடுத்துவிடுவாள். ஒரு வாரம் நூல் அளவு கூடியிருக்கும், அன்றைக்குப் பாயாசம். ஒரு வாரம் கூடாது; அன்றைக்கு எங்கள் யாருக்கும் சோறு இறங்காது. இரண்டாவது வருஷம் இதைக் கேள்விப்பட்ட டொக்டர், வீட்டில் அளக்கக்கூடாது, அளந்தால் அம்மாவுக்குத்தான் முதலில் தலைவலி வரும் என்று சொல்லிவிட்டார். மனைவி அன்றிலிருந்து மகளின் சட்டைக்கு மட்டும்தான் டேப் எடுத்தாள். கழுத்தளவு பார்க்கும்போது அது கொஞ்சம் மேலே ஏறப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் ஏறவில்லை.

வருஷா வருஷம் மச்சானின் வேனில் கொழும்புக்குப் போனோம். அளந்தார்கள், மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார்கள், கொம்பியூட்டரில் ஒரு வளைகோட்டில் புள்ளி வைத்தார்கள். புள்ளி ஒவ்வொரு தடவையும் நன்றாக மேலே ஏறியிருந்தது. டொக்டருக்குத் திருப்தி. எங்களுக்கு அதைவிடத் திருப்தி.

மொட்டை மட்டும் தள்ளிக்கொண்டே போனது. திருவிழா வரும், மனைவிக்குக் கத்தியை நினைத்துப் பயம் வரும், அடுத்த வருஷம் என்பாள். இதற்குள் மகளுக்கு முடி வளர்ந்துவிட்டது. அப்படி ஒரு முடியை எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் பார்த்ததில்லை. அந்தத் தழும்பை மறைப்பதற்கென்றே வளர்ந்த மாதிரி அடர்த்தி. பாடசாலையில் சேர்த்த வருஷம், இனியும் அம்மனைக் காக்க வைக்கக்கூடாது என்று மனைவி முடிவு செய்தாள்.

திருவிழாவில் முடி இறக்க வந்தவர் உடப்புசல்லாவையில் சலூன் வைத்திருப்பவர். நல்ல கை. அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லி வைத்திருந்தோம். ஆனால் கோயில் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தலையில் பெரிய ஒப்பரேஷன் செய்து அம்மன் அருளால் பிழைத்த பிள்ளைக்கு இப்போது மொட்டை போடப்படுகிறது என்று அறிவித்துவிட்டார். அன்னதான வரிசை அப்படியே திரும்பி எங்களைச் சுற்றி நின்றது. சலூன்காரர் முடியைக் கத்தரித்து, தண்ணீர் தடவி, கத்தியை வைத்தார். பாதித் தலை ஆனதும் தழும்பு தெரிந்தது. அவர் அதைத் தொடாமல் அதன் ஓரமாகவே கத்தியைக் கொண்டுபோனார். உச்சியில் ஓர் இடத்தில் விரல் பட்டதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"சேர், இங்கன எலும்பு இல்ல," என்றார் என்னிடம், மிக மெதுவாக.

இருக்கிறது, கொஞ்சம் இடம் மட்டும் இன்னும் மூடவில்லை, டொக்டர்களுக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மகள் தலையைக் குனிந்தபடியே, சீக்கிரம் முடிக்கச் சொன்னாள். ஐஸ்கிரீம் வேன் போய்விடப் போகிறது என்று அவளுக்குக் கவலை. முடிந்ததும் சந்தனம் பூசினோம். முடி இல்லாமல் பார்த்தபோது தலை நல்ல வடிவாக இருந்தது. கூட்டத்திலும் அதையேதான் சொன்னார்கள். சிலர் அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு வந்த கிளினிக்கில்தான் அது நடந்தது.

தாதி அளந்தார். கொம்பியூட்டரைப் பார்த்தார். மறுபடி அளந்தார். பிறகு போய் டொக்டரைக் கூட்டிவந்தார். டொக்டர் அளந்தார். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலை வளராமல் நின்றிருந்தால்கூட ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் இது முந்தின வருஷத்தைவிடக் குறைந்திருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே அது நம்பும்படியாக இல்லை. எங்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

தலைவலி வருகிறதா என்றார். இல்லை என்றோம். வாந்தி?

என் மனைவி பொய் சொல்லத் தெரியாதவள். "இன்னைக்கு காலையில எடுத்தா டொக்டர். ரெண்டு தடவ."

டொக்டரின் பேனா நின்றது. இதற்கு முன்னால் எப்போது என்று கேட்டார்.

"போன வருஷம் இங்க வர்றப்பவும் எடுத்தா."

அவர் தாதியைப் பார்த்தார். தாதி அவரைப் பார்த்தார். வாசலில் நின்ற மச்சான் இதற்கு மேல் பொறுக்கவில்லை. "டொக்டர், ரம்பொடை வளைவுல எல்லாருந்தான் எடுக்குறாங்க. இந்தா மாப்பிள்ளயும்தான் எடுத்தாரு," என்று என்னைக் காட்டினார். நான் ஆமாம் என்றேன். மகள், அப்பா தன்னைவிட அதிகம் எடுத்ததாகச் சொன்னாள். டொக்டர் ஏதோ எழுதி, அதை வெட்டினார்.

அடுத்து பெற்றோர் தலையை அளக்க வேண்டும் என்றார். குடும்பத்தில் தலை எப்படி என்று தெரிந்தால் பிள்ளைக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரிச் சொல்லலாம். தாதி என் தலையைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். அது சின்னப் பிள்ளைகளுக்கான கடதாசி நாடா. நெற்றியில் இரண்டு முனையும் ஒன்றையொன்று எட்டாமல் நின்றன. அவர் சத்தம் போடாமல் போய் வேறொரு நாடா எடுத்து வந்தார். மனைவியின் தலைக்கு முதல் நாடாவே போதும், மீதியும் தொங்கியது.

டொக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, அப்பா மாதிரிப் பிள்ளை என்றால் இந்த அளவு காணாது, யோசிக்க வேண்டிய விஷயம், அம்மா மாதிரி என்றால் ஓரளவு சரிதான் என்றார்.

அந்த நிமிஷம் வரை என் மகள் நடை, சிரிப்பு, பிடிவாதம் எல்லாவற்றிலும் என்னைப் போல என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அன்றைக்கு அந்த அறையில் அவளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று வாதாடினேன். பிள்ளை அப்படியே அம்மா, அம்மாவின் அப்பா, மாமா என்றேன். மச்சான் உள்ளேயே வந்துவிட்டார். "எங்க பக்கந்தான் டொக்டர். வேணும்னா என்னையும் அளந்து பாருங்க," என்று குனிந்து நின்றார். அவர் தலையையும் அளந்தார்கள். சின்னத் தலைதான். வாழ்க்கையில் ஒரு சோதனையில் நல்ல புள்ளி வாங்கிய மனிதராக நிமிர்ந்தார்.

டொக்டர் அதற்குள் பழைய படங்களைத் திறந்துவிட்டார். முந்தின வருஷப் படம் திரையில் வந்தது. மகள் ரெட்டைப் பின்னல் போட்டு, பின்னலை மடித்து, பின்மண்டையில் குறுக்கே ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டி, வெள்ளை ரிப்பனோடு நின்றாள். அதற்கு முந்தின வருஷமும் அப்படியே, கொஞ்சம் சின்னப் பின்னல். டொக்டர் வெகுநேரம் அதையே பார்த்தார். எப்போதும் இப்படியா கட்டுவது என்று கேட்டார்.

"கிளினிக் வர்றப்ப மட்டும் டொக்டர். கொழும்பு சூடு. கழுத்துல வேர்க்கும்," என்றாள் மனைவி.

அளக்கும்போது அவிழ்க்கவில்லையா என்று கேட்டார்.

"அவுக்கத்தான் பார்த்தாங்க. நான்தான் வேணாம்னேன். திரும்ப பின்ன எவ்ளோ நேரம் போகும்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு என் மனைவியைப் பார்த்து, அம்மா, உங்கள் முடியை அவிழ்க்க முடியுமா என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவிழ்த்தாள். மகளுக்கு அந்த முடி எங்கிருந்து வந்ததோ தெரியாது என்று நினைத்திருந்தேன். மனைவி கொண்டை போட்டே பழகியதால் எனக்கு மறந்துபோயிருந்தது. முடியை ஒதுக்கி அளந்தார்கள். பிறகு மகளுக்குக் கட்டுவது போலவே ரெட்டைப் பின்னல் போடச் சொன்னார் டொக்டர். ரிப்பன் இல்லை. தாதி காயத்துக்குக் கட்டும் துணியை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தார். மகள் கட்டில் மேல் ஏறி நின்று, தாயின் பின்னலை மடித்து, அது அப்படி இல்லை, இன்னும் கீழே, இன்னும் இறுக்க என்று சொல்லிச் சொல்லிக் கட்டிவிட்டாள். ஒரு பாடசாலைப் பிள்ளையைப் போல ரெட்டைச் சடையும் வெள்ளைக் கட்டுமாக என் மனைவி அந்தக் கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தாள். மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் ஆடியது. பக்கத்து அறையிலிருந்து ஏதோ கேட்க வந்த இன்னொரு டொக்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே போய்விட்டார்.

அளந்தார்கள். பின்னலோடு அளந்தபோது மனைவியின் தலை நன்றாகப் பெருத்திருந்தது. மகளின் தலை சுருங்கியதைவிட அது கூடுதலாகவே இருந்தது.

நாங்கள் சிரித்தோம். டொக்டரும் முதலில் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். இது நல்ல செய்திதான், ஆனால் பாதிதான் என்றார். இத்தனை வருஷமும் கோட்டில் ஏறியது தலையா முடியா என்று இப்போது அவருக்குத் தெரியாது. பழைய புள்ளிகளை நம்ப முடியாது. ஒரு வேளை தலை வளராமல் நின்றிருந்தால், முடி வளர்ந்து அதை மறைத்திருக்கும். ஆகவே கண்ணைப் பார்க்க வேண்டும், மண்டையைப் படம் பிடிக்க வேண்டும். அதற்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் வேனில் முன்னால் உட்கார்ந்தபடி நான் அந்தப் பாயாச வெள்ளிக்கிழமைகளையெல்லாம் நினைத்தேன். மனைவி பின்னலை அவிழ்க்கவே இல்லை. ஹட்டன் பக்கமாகப் போனால் வளைவு குறைவு என்று மச்சான் சுற்றுப் பாதையில் போனார். அப்படியும் நான் வாந்தி எடுத்தேன்.

தோட்டத்துக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் வந்திருந்தது. தலை சுருங்கிவிட்டதாம். முட்டை கொண்டுவந்தார்கள். நாட்டுக்கோழிக் குஞ்சு ஒன்று வந்தது. ஒருவர் பூசணிக்காயைக் கொடுத்துவிட்டு, இது தலைக்கு நல்லது என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை, அதன் உருவமே பதிலாக இருந்தது. மூன்றாவது நாள் உடப்புசல்லாவையிலிருந்து சலூன்காரர் வந்து வாசலில் நின்றார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. கையில் கத்திப் பெட்டி.

"நான் முடியத்தான் எடுத்தேன் சேர்," என்றார். "அதுக்கு மேல கத்தி படல. நீங்களும் பக்கத்துல தானே நின்னீங்க."

அவர் மொட்டை போட்டதில் தோலோடு கொஞ்சம் தலையும் போய்விட்டதாக உடப்புசல்லாவையில் பேச்சாம். இரண்டு வாடிக்கையாளர்கள் சலூனுக்கு வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். நான் அவரை உட்காரவைத்து, முடியையும் நாடாவையும் பற்றி முழுவதும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அப்படியென்றால் தான் முடியை எடுத்ததால்தான் தலை சிறிதாகியிருக்கிறது என்றார். ஒரு விதத்தில் அப்படித்தான் என்று நான் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வந்ததைவிடக் கவலையோடு போனார்.

அந்த வாரம் முழுவதும் மனைவி கடைக்குப் போனாள், வந்தாள், ஏற்கெனவே தேய்த்த துணியை மறுபடி தேய்த்தாள். ஒரு நாள் சாயங்காலம் மகள் வெளியே கயிறடித்து விளையாடிக்கொண்டிருந்தபோது, கதவருகே நின்றபடி என்னிடம் சொன்னாள்.

"அவுக்க வந்தவங்கள நான் தானேங்க தடுத்தேன். நான் மறைக்கணும்னு நெனைக்கலங்க. புள்ள வடிவா இருக்கணும்னுதான் கட்டுனேன்."

அது எனக்குத் தெரியும் என்றேன். அவள் போய்த் தேநீர் வைத்தாள். நாங்கள் கயிறு தரையில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு குடித்தோம்.

அடுத்த வாரம் முதலில் கண். மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தார்கள். மருந்து தெளியும்வரை மகளுக்கு எல்லாம் கலங்கித் தெரிந்தது. அவள் அதை நன்றாக அனுபவித்தாள். நடையில் போகிற வருகிறவர்களையெல்லாம் மாமா என்று கூப்பிட்டாள். கண்ணில் ஒன்றும் இல்லை, அழுத்தத்துக்கு அறிகுறி இல்லை என்றார்கள். பிறகு படம். அந்த வளையத்துக்குள் அவள் அசையாமல் படுத்திருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்களும் அசையவில்லை.

டொக்டர் எங்களைக் கூப்பிட்டபோது திரையில் மகளின் மண்டையோடு இருந்தது. அதைப் பார்க்க என் மனைவியால் முடியவில்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டொக்டர் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். திறந்திருக்க வேண்டிய இடங்கள் திறந்திருக்கின்றன. திருத்திய எலும்பு வளர்ந்திருக்கிறது. மூளைக்கு இடம் தாராளமாக இருக்கிறது. உச்சியில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு துளை. அது மெல்ல மூடும், மூடாவிட்டால் பிறகு பார்க்கலாம், அதுவரை அங்கே அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"தலை வளர்ந்திருக்கு அம்மா," என்றார். "முடி இல்ல. தலைதான்."

மனைவி அப்போதுதான் திரையைப் பார்த்தாள். மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார், டொக்டரையா படத்தையா என்று தெரியவில்லை. மகள் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனாள்.

"இதுல ஏன் இவ்ளோ பல்லு?"

உண்மையில் பயங்கரமாகத்தான் இருந்தது. வாயில் உள்ள பால்பற்களுக்கு மேலேயும் கீழேயும், எலும்புக்குள்ளேயே, இன்னொரு வரிசைப் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. டொக்டர் அவளைத் தூக்கி மேசையில் உட்காரவைத்து, இவையெல்லாம் இனி வரப்போகிற பற்கள், உள்ளே காத்துக்கொண்டிருக்கின்றன, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் என்று சொன்னார். மகள் வாயைத் திறந்து விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் ஆறு வருஷமாக அந்தத் தலையின் மேல் பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே இப்படி ஒரு கூட்டம் இருப்பதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்பில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். மறுநாள் ஒரு தகப்பன் என்னிடம் முறைப்பாட்டோடு வந்தார். அவருடைய மகன் தனக்குள் இன்னொரு வாய் இருப்பதாக அழுகிறானாம்.

இப்போது மகளுக்குப் பத்து வயது. முடி பழையபடி வளர்ந்துவிட்டது. உச்சித் துளை ஒரு நகத்தளவுக்குச் சுருங்கியிருக்கிறது. இது சுருங்குவது நல்லதாம். கிளினிக்குக்குப் போகும்போது முடியை விரித்தபடிதான் போவோம். அளப்பதற்கு முன்னால் தாதி தண்ணீர் தெளித்துப் படிய வாரிவிடுகிறார். புதிய புள்ளிகள் பழையவற்றைவிடக் கீழே தொடங்கி, அவசரமில்லாமல் ஏறுகின்றன. இனி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

போன தடவை டொக்டர் எங்களை வெளியே நிற்கச் சொன்னார். மகள் பெரியவளாகிறாள், அவளிடமே பேசிப் பார்க்கிறேன் என்றார். அவளும் பாடசாலையில் கற்ற சிங்களத்தில் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினாள். நடையில் நாங்கள் மூவரும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று மச்சான் என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். மனைவி கதவுக்குக் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு வெட்கப்பட்டுத் திரும்பவும் தள்ளி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. டொக்டர் என்ன சொன்னார் என்று மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

"நல்லா இருக்காம்," என்றாள் மகள். "வேற ஒன்னு சொன்னாங்க. அது எனக்கும் அவங்களுக்கும்."

அது என்னவென்று இன்றுவரை சொல்லவில்லை. பசிக்கிறது என்றாள். எதிர்ப் பக்கம் ஒரு கடையில் கொத்து ரொட்டி போடுகிற சத்தம் கேட்டது. எங்களுக்கு முன்னால் அவளே றோட்டைக் கடந்து போய் மேசை பிடித்துவிட்டாள்.